பழைய தேவாலயத்தில் ஓவியக் கண்காட்சி: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தில் ஐந்நூறு, அறுநூறு வருடப் பழமையான தேவாலயங்களில் இன்றைய ஓவியர்களின் படங்களை வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. நல்ல விஷயம், இன்னும் நிறைய நடக்க வேண்டும். ஆனால் அங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தால் வருகின்றன. படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, அழைப்பிதழும் அடித்த பிறகுதான் கட்டடத்தைப் பார்க்கவே போகிறார்கள்.

முதலில் சுவர். தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள். பார்க்க வெறும் வெள்ளைச் சுவர் மாதிரிதான் இருக்கும், ஆனால் 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது தேவாலயச் சுவரோவியங்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். அந்தப் பூச்சுக்கு அடியில் இன்றும் பல இடங்களில் அவை அப்படியே இருக்கின்றன. நீங்கள் ட்ரில் வைக்கும் இடத்தில் யாரோ ஒரு புனிதரின் முகம் இருக்கலாம். இரும்பு ஆணி என்றால் இன்னொரு கேடும் உண்டு: துருப்பிடித்து உப்பி, கல்லையே பிளந்துவிடும். ‘டேப்தானே, ஒட்டினால் என்ன’ என்பவர்களுக்கும் இதே பதில்தான், பிய்க்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும். தனியே நிற்கும் பலகைகளைப் பயன்படுத்துங்கள், அடியில் கனமான துணி விரித்து, ஏனென்றால் தரையில் இருப்பதும் பல இடங்களில் கல்லறைக் கற்களும் பித்தளைத் தகடுகளும்தான்.

அப்புறம் அனுமதி. போதகர் ‘சரி’ என்றுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். இங்கிலாந்து திருச்சபையில் கட்டடத்தில் மாற்றம் செய்ய ‘ஃபேகல்டி’ என்ற தனி அனுமதி முறை இருக்கிறது, பேராலயங்களுக்கு அவற்றுக்கென்றே கட்டடக் குழுக்கள் இருக்கின்றன. சில நாள் கண்காட்சிக்கு இவ்வளவு தேவைப்படாமல் போகலாம், ஆனாலும் எது தேவை என்று மறைமாவட்ட ஆலோசனைக் குழுவிடம் மாதக்கணக்கில் முன்னாலேயே கேட்டு வைத்துவிடுவது நல்லது.

பலரும் யோசிக்காத ஒன்று ஈரம். அருங்காட்சியகங்கள் பொதுவாக 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்துக்குள் படங்களை வைத்துக்கொள்ளப் பார்க்கும். கல் தேவாலயமோ வாரம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும், ஞாயிறு காலையில் ஹீட்டரைப் போட்டதும் காற்று சட்டென்று சூடாகி வறண்டுபோகும், மதியம் மறுபடி குளிரும். மரப்பலகையில் வரைந்த படம் இப்படி விரிந்து சுருங்கினால் வண்ணம் வெடித்து உதிர ஆரம்பிக்கும். சூடு ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள், காகித ஓவியங்களைச் சில்லிட்ட வெளிச்சுவர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேலேயும் ஒரு முறை பாருங்கள், வௌவால்கள் குடியிருக்கின்றனவா என்று. அவற்றின் சிறுநீர் பட்டால் வண்ணத்தில் கறை விழும். இங்கிலாந்தில் வௌவால்கள் சட்டப் பாதுகாப்பு பெற்றவை, விரட்ட முடியாது, ஆகவே இடம் மாற வேண்டியது படம்தான்.

வெளிச்சம்: பெரும்பாலும் பீடம் கிழக்கே இருக்கும், தெற்கு ஜன்னல்களில் பகல் முழுக்க வெயில் வரும். வண்ணக் கண்ணாடி வழியே வரும் சிவப்பும் நீலமும் உங்கள் கேன்வாஸ் மேல் ஊர்ந்து போகும். காலை, மதியம், மாலை என்று மூன்று நேரமும் போய்ப் பார்த்துவிட்டு இடத்தைத் தீர்மானியுங்கள்.

பெரிய கட்டடம் என்பதற்காகப் பெரிய படங்களாகக் கொண்டுவந்து நிரப்புவதும் தவறுதான். தென் இங்கிலாந்தின் சிசெஸ்டர் பேராலயத்தில், இருபதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் கிரஹாம் சதர்லாந்து வரைந்த உயிர்த்த இயேசு, மகதலேனா மரியாள் ஓவியம் ஒன்று இருக்கிறது. தோட்டக்காரர் தொப்பியோடு படிக்கட்டில் இயேசு, கீழே கை நீட்டும் மரியாள். அளவில் சிறியது, ஆனால் நீண்ட நடைபாதையின் கோடியில் இருக்கும் சிற்றாலயத்தில் தொங்குவதால் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். இடத்தைச் சரியாகப் பிடித்தால் சின்னப் படம் போதும்.

அதே படத்தை 1963-இல் ஒரு பெண் பேனாவால் குத்திச் சேதப்படுத்தினார். தேவாலயத்துக்கு வருபவர்கள் எல்லாரும் ஓவியம் பார்க்க வருபவர்கள் இல்லை. வாராவாரம் அதே இருக்கையில் உட்கார்ந்து ஜெபிப்பவருக்கு முன்னால் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நிர்வாண ஓவியம் முளைத்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். திறப்பு விழாவுக்கு முன்பே சபையாரைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டுங்கள், ஓவியரையே பேசச் சொல்லுங்கள், எதிர்ப்பு வந்தால் பொறுமையாகக் கேளுங்கள். சபையின் நாட்காட்டியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத் தேதி முன்பே தெரியும், அடக்க ஆராதனை சொல்லிக்கொண்டு வராது. சவப்பெட்டியைத் தூக்கி வரும் நடுப்பாதையில் உங்கள் பலகை நிற்கவே கூடாது.

விற்பனை இருந்தால் விலையைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டாமல் வாசலில் ஒரு தாளில் கொடுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, தேவாலயத்தின் காப்பீடு உங்கள் படங்களுக்கும் சேரும் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாமல், எது சேரும், எது சேராது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.