இரண்டு அம்மாக்கள், ஒரு திருநங்கை அம்மா: வகுப்பாசிரியர் கவனிக்க வேண்டியவை

திருநங்கை ஒருவர் வளர்க்கும் பிள்ளை, இரண்டு பெண்கள் சேர்ந்து வளர்க்கும் பிள்ளை, அப்பா தன்பாலீர்ப்பாளர் என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த பிள்ளை எனப் பலர் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆசிரியருக்கு அது தெரியாது. அதனால் இங்கே சொல்பவற்றை ஒரு பிள்ளைக்கென்று தனியாகத் தொடங்காமல், பள்ளி திறந்ததும் வகுப்பு முழுவதற்கும் நடைமுறையாக்கிவிடுங்கள்.

முதலில் காகிதம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. இணையராகச் சேர்ந்து தத்தெடுக்கவும் வழி கிடைக்கவில்லை. ஆகவே இருவர் வளர்த்தாலும் சட்டப்படி பெற்றோராக இருப்பவர் அநேகமாக ஒருவர்தான். திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது நல்ல செய்தி. ஆனால் அதை வைத்து, மாணவர் விவரங்களுக்கான அரசின் எமிஸ் பதிவில் மற்றவர் பெயரைச் சேர்க்க முடியாது. அங்கே சான்றிதழில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று யாரோ ஒருவரை அப்பாவாக எழுதுவதும், உயிரோடு இருப்பவரைக் காலமானவர் ஆக்குவதும் நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் அதே விவரங்களிலிருந்து தயாராகும்போது சிக்கல் வெடிக்கும்.

சட்டப்படி பெற்றோர் அல்லாத இரண்டாமவருக்காகப் பள்ளி அளவில் ஓர் அனுமதிக் கடிதம் போதும். சட்டப்படியான பெற்றோர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதில் இரண்டாமவரின் பெயர், புகைப்படம், தொலைபேசி எண், அடையாள அட்டை நகல் இருக்கட்டும். பிள்ளையை அழைத்துப் போவது, பெற்றோர் கூட்டத்துக்கு வருவது, ரேங்க் கார்டில் கையெழுத்திடுவது, அவசரத்தில் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்வது என எதற்கெல்லாம் அனுமதி என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். ஒரு நகல் அலுவலகத்தில், ஒரு நகல் வகுப்பாசிரியரிடம். வாயிற்காவலருக்குப் பெயரும் படமும் போதும், உறவு வேண்டாம். கடிதம் தலைமையாசிரியர் பீரோவுக்குள்ளேயே கிடந்தால், மதியம் காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையை அழைக்க வந்தவரை மாற்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். பெரிய சிகிச்சைக்குச் சட்டப்படியான பெற்றோரின் ஒப்புதலை மருத்துவமனை கேட்கலாம். அவருடைய இரண்டு எண்களையாவது வாங்கி வையுங்கள். ஆண்டுதோறும் கடிதத்தைப் புதுப்பியுங்கள்.

அடுத்தது, யாருக்கு என்ன தெரியலாம் என்பது. பெற்றோரைத் தனியாகப் பார்த்து, "பள்ளியில் உங்களை எப்படிச் சொல்லட்டும்? யாருக்கெல்லாம் தெரிந்தால் பரவாயில்லை?" என்று கேளுங்கள். பிள்ளையிடம், "வீட்ல அவங்கள எப்படிக் கூப்பிடுவே?" என்பது போதும். "உன் சொந்த அம்மா யாரு?" என்ற கேள்வி எக்காலத்திலும் வேண்டாம். வீட்டில் அம்மா என்பவரை வகுப்பில் சித்தி என்று பிள்ளை சொன்னால் நீங்களும் சித்தி என்றே சொல்லுங்கள். திருத்த வேண்டாம். அது அந்தப் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. விவரம் கசியும் இடம் பெரும்பாலும் ஆசிரியர் அறைதான், வகுப்பறை அல்ல. சக ஆசிரியர் துருவினால், "வீட்டு விஷயம் சார், விடுங்க" என்று முடித்துவிடலாம்.

கீழ்வகுப்புகளில் 'என் குடும்பம்' பாடம் வரும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று கட்டம் போட்ட படத்தைக் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளைக் கொடுத்து, "உன்னைப் பார்த்துக்கொள்பவர்களை வரை" என்று சொல்லுங்கள். பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கும் விடுதிப் பிள்ளைக்கும் இதுவே வசதி. அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யும்போது கேட்கிற எண்ணிக்கையில் அட்டை கொடுங்கள், காரணம் கேட்காமல். பாராட்டுவதாக நினைத்து, அந்தக் குடும்பத்தை வகுப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதும் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதுதான்.

கேலியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஒன்பது' போன்ற வசை காதில் விழுந்தால் அங்கேயே ஒரே வாக்கியத்தில் நிறுத்துங்கள்: "இந்த வகுப்பில் யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது." கேலிக்குள்ளான பிள்ளையின் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள், வகுப்பே அங்கே திரும்பும். சொன்னவனிடம் இடைவேளையில் தனியாகப் பேசுங்கள். தேதி, சொன்ன சொல், யார் இருந்தார்கள் என்று குறித்து வையுங்கள். மறுபடி நடந்தால் அவன் பெற்றோரை அழைத்து, "இன்னொரு பிள்ளையின் குடும்பத்தைக் கேலி செய்கிறான்" என்பதோடு நிறுத்துங்கள். பெயரும் விவரமும் சொன்னால் மறுநாள் தெருவுக்கே தெரியும். மரியாதையான சொற்கள் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். இத்தகைய சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது.

மதிப்பெண் குறைந்தால் உடனே வீட்டைக் காரணம் காட்டாதீர்கள். கண்பார்வை, தூக்கம், கணக்கில் விட்டுப்போன அடிப்படை என்று எல்லாப் பிள்ளைக்கும் பார்ப்பதை முதலில் பாருங்கள். அடி, மிரட்டல் என்று பிள்ளை சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417. பாலியல் துன்புறுத்தல் என்றால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம்; விசாரித்து உறுதிசெய்துகொண்டு சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது.

ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பாசிரியரிடம் அனுமதிக் கடிதத்தை மட்டும் கொடுங்கள். மற்ற எதையும் சொல்லுமுன் பெற்றோரை ஒருமுறை கேட்டுவிடுங்கள். போன ஆண்டு சரி என்றவர் இந்த ஆண்டு வேண்டாம் என்னலாம்.