ஆன்டிபாடிச் சர்க்கரை: புதிதாக இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்டிபாடியில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்க வருகிற மாணவர்கள், நாங்கள் இந்த வேலையைப் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். பைப்பெட் பிடிப்பது, குப்பியில் பெயர் ஒட்டுவது, கன்ட்ரோல் வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பக்கத்து மேசையில் இருப்பவரே சொல்லிக்கொடுத்துவிடுவார். கருவி எந்த எச்சரிக்கையும் தராமல், வரைபடமும் அழகாக வந்து, முடிவு மட்டும் தப்பாகிப் போகிற இடங்களைத்தான் சொல்லப்போகிறேன்.

பின்னணி சுருக்கமாக. நம் ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஆன்டிபாடி ஐஜிஜி. கவட்டை மாதிரி வடிவம். இரண்டு கிளைகளுக்கும் ஃபேப் என்று பெயர். கிருமியைப் பிடிப்பது அவைதான். கைப்பிடிதான் எஃப்சி, பிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை நோயெதிர்ப்பு செல்களுக்குத் தெரிவிப்பது அது. எஃப்சியில் இரண்டு புரதச் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் 297ஆம் இடத்தில் உள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சர்க்கரைக் கொத்து. மேனோஸும் என்-அசிட்டைல் குளுக்கோசமைனும் சேர்ந்த தண்டு எல்லாக் கொத்திலும் உண்டு. அதன்மேல் ஃபியூகோஸ், காலக்டோஸ், சியாலிக் அமிலம் ஆகியவை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சர்க்கரை உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பது

கொத்து முழுவதையும் நீக்கிவிட்டால், எஃப்சி ஏற்பிகளோடு (நோயெதிர்ப்பு செல்களின் மேல் எஃப்சியைப் பிடிக்கும் புரதங்களோடு) ஐஜிஜியின் பிடிப்பு பெரும்பாலும் போய்விடும். இதைப் படித்துவிட்டு, சர்க்கரை என்றால் விளக்கைப் போட்டு அணைக்கிற விஷயம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் விளைவை மாற்றுவது எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதுதான். ஃபியூகோஸ் ஒன்று மட்டும் இல்லாமல் போனால், என்கே செல்களில் (இலக்கு செல்லைக் கொல்லும் நோயெதிர்ப்பு செல்கள்) உள்ள எஃப்சி காமா 3ஏ ஏற்பியோடு ஐஜிஜி 50 மடங்கு வரை இறுக்கமாக ஒட்டும் என்று 2002இல் காட்டினார்கள். அந்த செல்கள் இலக்கைக் கொல்லும் வேகமும் கூடும். இதை வைத்தே மருந்து செய்தார்கள்: ஜப்பானில் 2012இல் அனுமதி பெற்ற மோகமுலிசுமாப், அமெரிக்காவில் 2013இல் வந்த ஒபினுடுசுமாப். இரண்டிலும் புரதம் உருவாகும் செல்லையே மாற்றி ஃபியூகோஸைக் குறைத்திருக்கிறார்கள்.

முழு ஐஜிஜியிலிருந்தும் சர்க்கரையை வெட்டி எடுத்து, எல்லாம் எஃப்சியுடையது என்று எழுதுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாடப் படங்களில் சர்க்கரை எஃப்சியில் மட்டுமே வரையப்பட்டிருக்கும். ஆனால் நம் ரத்தத்தில் உள்ள ஐஜிஜியில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்துக்கு ஃபேப் பகுதியிலும் சர்க்கரை உண்டு. ஆன்டிபாடியைச் செதுக்கும் மரபணு மாற்றங்களின்போது அங்கே புதிய ஒட்டிடங்கள் உருவாகின்றன. இந்த ஃபேப் சர்க்கரை எஃப்சி சர்க்கரையைப் போல இருக்காது. எஃப்சி கொத்து இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடப்பதால் அதில் சியாலிக் அமிலம் குறைவு. ஃபேப் கொத்து வெளியே திறந்து நிற்கிறது. அதில் பெரும்பாலும் சியாலிக் அமிலம் ஏறியிருக்கும்.

இப்போது பிஎன்ஜியேஸ் எஃப் என்ற நொதியை முழு ஐஜிஜியின் மேல் போடுங்கள். அது ஃபேப், எஃப்சி என்று பார்க்காது. எல்லாக் கொத்தையும் வெட்டி ஒரே குழாயில் போட்டுவிடும். அப்புறம் எந்தக் கொத்து எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு சியாலிக் அமிலம் கொண்ட கொத்துகளில் பெரும்பகுதி ஃபேப்பிலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும்.

இதில் என்ன நஷ்டம்? 2006இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ரவெட்ச் குழு, எஃப்சியில் சியாலிக் அமிலம் ஏறிய ஐஜிஜி எலிகளில் அழற்சியைத் தணிக்கிறது என்று வெளியிட்டது. அது எந்த வழியில் நடக்கிறது என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனாலும் அன்றிலிருந்து ‘சியாலிக் அதிகம், ஆகவே அழற்சி குறைவு’ என்ற வரி எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. அந்த வரி எஃப்சியைப் பற்றியது. ஃபேப்பும் கலந்த எண்ணை வைத்து அதை எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வேறொரு ஆய்வகத்து மாணவர் ஒருவர் ஒருமுறை தன் முடிவுகளை எடுத்துக்கொண்டு வந்தார். முடக்குவாத நோயாளிகளின் ரத்தத்திலிருந்து, சிட்ருலின் ஏறிய புரதங்களைத் தாக்கும் ஆன்டிபாடிகளை மட்டும் பிரித்து எடுத்திருந்தார். பொறுமை தேவைப்படுகிற, நுணுக்கமான வேலை. அதை நன்றாகவே செய்திருந்தார். “சியாலிக் எக்கச்சக்கமா இருக்கு மேடம். அப்படின்னா இது அழற்சியைத் தணிக்கிற ஆன்டிபாடி” என்றார்.

“சர்க்கரையை எதிலிருந்து வெட்டினீங்க தம்பி?”

“முழு ஐஜிஜியிலிருந்துதான் மேடம்.”

குறிப்பாக இந்த ஆன்டிபாடிகளில்தான் 90 சதவீதத்துக்கு மேல் ஃபேப்பில் சர்க்கரை இருக்கிறது. அதிலும் சியாலிக் நிறைந்த சர்க்கரை. எஃப்சியைத் தனியாகப் பார்த்தவர்கள் கண்டதோ வேறு: நோய் வெளிப்படுவதற்கு முன்பே அங்கே காலக்டோஸ் குறைகிறது. அதாவது அவர் எழுதவிருந்த முடிவு உண்மைக்கு நேர் எதிர்த் திசையில் போனது. அந்த ரத்த மாதிரிகளில் மீதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அவை மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தம். மருந்து தொடங்கிவிட்டால் அந்த நிலையில் உள்ள ரத்தம் அந்த நோயாளியிடமிருந்து மறுபடி கிடைக்காது. வலியோடு வந்து கை நீட்டிய மனிதர்கள் கொடுத்தது அது. அதனால்தான் இந்தத் தவறை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய வழிகாட்டி தொடக்கத்திலேயே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. ஐடிஇஎஸ் என்ற நொதி ஐஜிஜியைக் கணுவுக்கு (கிளைகளும் கைப்பிடியும் சேரும் இடத்துக்கு) கீழே வெட்டி, ஃபேப்பையும் எஃப்சியையும் பிரித்துத் தரும். பிரித்துவிட்டு, பிறகு சர்க்கரையை எடுங்கள். இல்லையென்றால் சர்க்கரையைக் கழற்றாமலேயே புரதத்தைத் துண்டாக்கும் டிரிப்சின் நொதியால் வெட்டி, அது ஒட்டியிருக்கும் பெப்டைடோடு (புரதத் துண்டோடு) சேர்த்து, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாருங்கள். எந்த இடத்துச் சர்க்கரை என்பதைப் பெப்டைடே சொல்லிவிடும்.

ஃபேப் சர்க்கரையை வெறும் இடைஞ்சல் என்று ஒதுக்கவும் வேண்டாம். புற்றுநோய் மருந்தான செடுக்சிமாப் எலி செல்களில் தயாராகிறது. அதன் ஃபேப்பில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை ஏறியிருந்தது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் பலருக்கு அந்தச் சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் ஆன்டிபாடி) ஏற்கனவே உடலில் இருந்தது. முதல் ஊசியிலேயே கடும் ஒவ்வாமை வந்தது. காரணம் 2008இல் வெளியானது. அந்த ஐஜிஇ உண்டாவதற்கு உண்ணிக் கடி காரணம் என்பது பின்னர் தெரியவந்தது.

எடை ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நம்புவது

டிரிப்சின் வழியில் போனாலும் ஒரு பள்ளம் உண்டு. ஐஜிஜியில் 1 முதல் 4 வரை நான்கு துணைவகைகள். ஐஜிஜி 1இன் பெப்டைடில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் ஓர் இடத்தில், ஐஜிஜி 4இல் ஃபினைல்அலனின். வித்தியாசம் ஓர் ஆக்சிஜன் அணு. ஃபியூகோஸுக்கும் காலக்டோஸுக்கும் எடை வித்தியாசமும் அதே ஓர் ஆக்சிஜன்தான். ஆகவே ஃபியூகோஸ் இல்லாமல் காலக்டோஸ் ஒன்று கூடுதலாக உள்ள ஐஜிஜி 4ம், ஃபியூகோஸ் உள்ள ஐஜிஜி 1ம் அணுவுக்கு அணு ஒரே எடை. எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் எடையை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்காது. ஐஜிஜி 1 ரத்தத்தில் பல மடங்கு அதிகம் என்பதால், ‘ஐஜிஜி 4இல் ஃபியூகோஸ் குறைவு’ என்று யாராவது சொன்னால் முதலில் குரோமட்டோகிராமை (எடை பார்க்குமுன் பெப்டைடுகளைத் தனித்தனியாகப் பிரித்த வரைபடத்தை) கேட்டு வாங்கிப் பாருங்கள்.

புரோட்டீன் ஏ பத்தியில் பிரித்துவிட்டு ஐஜிஜி 3 பற்றி எழுதுவது

ரத்தத்திலிருந்து ஐஜிஜியைப் பிடித்துப் பிரிக்க உதவுவது புரோட்டீன் ஏ நிரப்பிய குழாய். ஐஜிஜி 3 பொதுவாக அதில் ஒட்டாது. புரோட்டீன் ஜி வாங்குங்கள்.

வயதைப் பொருத்தாமல் ஒப்பிடுவது

வயது ஏற ஏற காலக்டோஸ் குறையும். கர்ப்ப காலத்தில் கூடும். முடக்குவாதத்தில் அது குறைகிறது என்பது 1985இலிருந்தே தெரியும். அறுபது வயது நோயாளிகளை இருபத்தைந்து வயது மாணவர்களோடு ஒப்பிட்டால், நீங்கள் அளந்தது வயதைத்தான்.

சியாலிக் அமிலத்தை அமிலத்திலும் சூட்டிலும் விடுவது

கழன்றுவிடும்.

ஏற்பிக்கும் சர்க்கரை உண்டு என்பதை மறப்பது

எஃப்சி காமா 3ஏ ஏற்பியின் 162ஆம் இடத்திலும் ஒரு சர்க்கரைக் கொத்து இருக்கிறது. ஆன்டிபாடியில் ஃபியூகோஸ் இல்லாதபோது இரண்டு சர்க்கரைகளும் நெருங்கித் தொட்டுக்கொள்கின்றன. இறுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. பாக்டீரியாவில் தயாரித்த சர்க்கரையற்ற ஏற்பியை வாங்கிப் பிடிப்பை அளந்தால் வித்தியாசமே தெரியாது. பிறகு மாதக்கணக்கில் ஆன்டிபாடியைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஃபியூகோஸ் குறைந்தால் நல்லது என்று நினைப்பது

புற்றுநோய் மருந்தில் நல்லது. டெங்குவில் அப்படியில்லை, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் ஃபியூகோஸ் குறைந்த ஐஜிஜி அதிகம் இருந்ததை 2017இல் கண்டார்கள். கோவிட் தீவிரமானவர்களிடம் ஸ்பைக் புரதத்துக்கு எதிரான ஐஜிஜியிலும் அதே கதை. கருவில் உள்ள குழந்தையின் தட்டணுக்களைத் தாயின் ஆன்டிபாடி தாக்கும் நோயிலும், தாயின் அந்த ஆன்டிபாடியில் ஃபியூகோஸ் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அங்கே அழிவது குழந்தையின் தட்டணு. ஆகவே உங்கள் அட்டவணையில் ‘ஃபியூகோஸ் குறைவு’ என்று எழுதும்போது, எந்த ஆன்டிபாடி, அது எதைத் தாக்குகிறது என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள்.