ஹைவ் தளத்தில் எழுதத் தொடங்குவோருக்கு

எழுத்துக்கு வெகுமதி தரும் சமூகத் தளங்களுள் ஹைவ் குறிப்பிடத்தக்கது. 2016-இல் தொடங்கிய ஸ்டீம் பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும், பதிந்ததை அழிக்க முடியாத பொதுப் பதிவேட்டில்) இயங்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை 2020 பிப்ரவரியில் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் வாங்கியபோது, அதனை ஏற்காத உறுப்பினர்கள் அடுத்த மாதமே தனியே பிரிந்து உருவாக்கிக்கொண்டது இது. இங்கே எழுதுபவருக்கு எந்த நிறுவனமும் சம்பளம் தருவதில்லை. பிளாக்செயினில் புதிதாக உருவாகும் டோக்கன்களின் (எண்ம நாணயங்களின்) ஒரு பகுதி, உறுப்பினர்கள் அளிக்கும் வாக்குகளின்படி பதிவுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஒருவரின் வாக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அவர் கையிருப்பிலுள்ள ஹைவ் பவர், அதாவது அவர் தளத்திலேயே பூட்டி வைத்திருக்கும் டோக்கன்களின் அளவு, முடிவு செய்கிறது. இந்த அடிப்படை புரிந்துவிட்டால், புதியவரின் முதல் வேலை பதிவுகளைக் குவிப்பது அல்ல, வாசகர்களிடம் அறிமுகமாவதே என்பதும் விளங்கிவிடும்.

அதற்கும் முன்னதாகக் கணக்கின் சாவிகளை, அதாவது கடவுச்சொல் போலப் பயன்படும் நீண்ட எழுத்துத் தொடர்களை, பத்திரப்படுத்த வேண்டும். இவ்விஷயத்தில் நான் எவருக்கும் சலுகை தரமாட்டேன். பதிவு எழுதவும் வாக்களிக்கவும் போஸ்டிங் சாவி, பணத்தை அனுப்ப ஆக்டிவ் சாவி, மற்றச் சாவிகளையே மாற்ற ஓனர் சாவி, மறைகுறியிட்ட செய்திகளுக்கு மெமோ சாவி என நான்கு உண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்குப் போஸ்டிங் சாவி மட்டுமே போதும். ஓனர் சாவியையும் முதன்மைக் கடவுச்சொல்லையும் எந்த இணையதளத்திலும் உள்ளிடாமல், காகிதத்தில் எழுதி இரண்டு இடங்களில் வைப்பது நல்லது. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டால் மீட்டுத் தருவதற்கு அங்கே அலுவலகம் எதுவும் இல்லை. கணக்கின் பெயரையும் பின்னர் மாற்ற முடியாது என்பதால், அதனை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

முதல் பதிவு தன்னறிமுகமாக இருப்பது அங்குள்ள வழக்கம். நீங்கள் எந்தத் துறையை அறிந்தவர், எதைப் பற்றித் தொடர்ந்து எழுத எண்ணுகிறீர்கள் என்பதைச் சொந்தப் புகைப்படங்களுடன் சொன்னால், இவர் உண்மையான மனிதர் என்ற நம்பிக்கை பிறக்கும். ஆனால் தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றை எழுதாதீர்கள். பதிவைப் பின்னர் திருத்தினாலும் அதன் பழைய வடிவம் பிளாக்செயினில் நிலைத்திருக்கும்.

அதன்பின், உங்கள் பொருளுக்குரிய குழுவைக் கண்டுபிடித்து, அங்கே மற்றவர்கள் எழுதுவதை முழுமையாகப் படித்துக் கருத்துரை இடுங்கள். "அருமையான பதிவு" என்று பத்து இடங்களில் எழுதுவதைவிட, பதிவின் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு உங்கள் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சேர்த்துச் சொல்லும் ஒரே கருத்துரை பலமடங்கு மேலானது. தொடக்கக் காலத்தில் உங்கள் பக்கத்துக்கு வாசகர்கள் வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். ஹைவ் பவர் குறைவாக இருக்கும்வரை ஒரு நாளில் செய்யக்கூடிய செயல்களுக்கும் வரம்பு உண்டு. ஆகவே அந்த வரம்பை நல்ல உரையாடலுக்கே செலவிடுங்கள். முழு வலிமையுடன் அளிக்கும் வாக்கு ஒன்று, உங்கள் வாக்குத்திறனில் (வாக்களிக்க மிஞ்சியிருக்கும் வலிமையில்) 2 சதவீதத்தைக் குறைக்கும். அது ஒரு நாளைக்கு 20 சதவீதம் மீளும் என்பதால், தினமும் பத்து முழு வாக்குகள் வரை அளிக்கலாம்.

பிறர் எழுத்தையோ படத்தையோ தமதெனக் காட்டுவோரை அச்சமூகம் மன்னிப்பதில்லை. எதிர்வாக்குகள் அப்பதிவின் வெகுமதியை முழுவதுமாக அழித்துவிடும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி இடுவதற்கும் அதே எதிர்ப்பு உண்டு. மேற்கோளுக்கும் படத்துக்கும் மூலத்தைக் குறிப்பிடுவதைத் தொடக்கத்திலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பதிவு வெளியான ஏழாம் நாளில் வெகுமதி கணக்கிடப்படும். அதில் பாதி எழுதியவருக்கும் பாதி வாக்களித்தவர்களுக்கும் செல்லும். எழுதியவரின் பங்கில், வேறு தெரிவு செய்யாவிடில், ஒரு பாதி ஹைவ் பவராகவும் மறுபாதி, ஒரு டாலரை ஒட்டி நிற்குமாறு வடிவமைக்கப்பட்ட எச்.பி.டி. டோக்கனாகவும் வரும். மொத்தம் 0.02 டாலரை எட்டாத பதிவுக்கு எதுவும் கிடைக்காது. முதல் சில வாரங்களில் அப்படி நேர்ந்தால் மனம் தளர வேண்டாம். ஹைவ் பவரைப் பணமாக்க விரும்பினால் அது 13 வாரத் தவணைகளில்தான் வெளிவரும். எனவே வாடகைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ இதனை நம்பித் திட்டமிடுவது சரியல்ல. தொடக்க ஆண்டில் கிடைப்பதைப் பவராகவே சேர்த்து வைத்தால், உங்கள் வாக்குக்கும் மதிப்பு ஏறும். பிறர் எழுத்தை நீங்களும் ஊக்குவிக்கலாம்.

இந்தியாவில் இருப்பவர்கள், டோக்கன்களை விற்று ஈட்டும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு என்பதை அறிந்து, வெகுமதியைப் பெற்ற நாளையும் அன்றைய விலையையும் தொடக்கத்திலிருந்தே ஓர் ஏட்டில் குறித்து வர வேண்டும்.