பழைய கோட்டைப் பிரித்துத் தைக்கும் முன்

முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய கோட்டை இன்று போட்டுப் பார்த்தால் தோளும் நீளமும் மிகுதியாகத் தெரியும். 1980களில் தடித்த பேட் வைத்துத் தோளை அகட்டித் தைத்தார்கள். 2010 வாக்கில் உடம்பைப் பிடிக்கிற குட்டைக் கோட் வந்தது. இப்போது அதுவும் தளர்ந்து வருகிறது. அதனால் பழைய கோட்டை ஒரேயடியாக இறுக்க வேண்டியதில்லை.

முதலில் அது செலவுக்குத் தகுமா என்று பாருங்கள். கீழ்க் காஜாவுக்குப் பக்கத்தில் மேல்துணியை ஒரு கையாலும் உள்துணியை இன்னொரு கையாலும் கிள்ளிப் பிரித்து இழுங்கள். நடுவில் ஓர் அடுக்கு தனியாக நழுவினால் கேன்வாஸ் வைத்துத் தைத்தது. நழுவாமல் மேல்துணி விறைப்பாக இருந்தால் பசையால் ஒட்டிய ஃப்யூசிங். மார்பிலோ லேப்பலிலோ (காலரிலிருந்து மார்பில் மடிந்து விழும் பட்டை) கொப்புளம் எழும்பியிருந்தால் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். அயர்ன் போட்டு அமுக்கினாலும் மறுபடி எழும்பும். அந்தக் கோட்டுக்குக் காசு வைக்காதீர்கள். பூச்சி அரித்த ஓட்டைகளைத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பார்க்கலாம்.

அடுத்தது தோள். உடன் போடும் சட்டையோடு கோட்டை மாட்டி, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். மேல்கை முதலில் சுவரைத் தொட்டால் தோள் சரி. கை தொடுவதற்கு வெகு முன்னே பேட் இடித்து மடங்கினால் அகலம் அதிகம். பக்கத்துக்கு அரை அங்குலம் வரை குறைக்கலாம். அதற்குக் கையைக் கழற்றி, தோளை வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். ஆல்டரேஷனிலேயே கூலி கூடிய வேலைகளில் ஒன்று. அரை அங்குலத்துக்கு மேல் என்றால் விட்டுவிடுவதே நல்லது. பேடை மட்டும் உருவிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் துணி பேடின் உயரத்துக்கு வெட்டப்பட்டது; பேட் போனால் மிச்சத் துணி தோளுக்குக் கீழே குழி விழுந்து தொங்கும்.

பட்டன் இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். மேல் பட்டன் தொப்புளுக்கு வெகு கீழே இருந்தால் என்ன செய்தாலும் கோட் பழசாகவே தெரியும். காஜா வெட்டியாகிவிட்டது, அதை நகர்த்த வழியில்லை.

இடுப்பில் பிடிப்பது எளிது. மொத்தச் சுற்றளவில் 2 அங்குலம் வரை பக்கத் தையலில் பிடிக்கலாம். மேலே போனால் பாக்கெட்டுகள் பின்னால் இழுபடும், பின் வெட்டு வாய் பிளக்கும். நீளத்தில் முக்கால் அங்குலம், மிஞ்சினால் ஓர் அங்குலம். அதற்கு மேல் வெட்டினால் பாக்கெட் கீழ் விளிம்போடு ஒட்டிவந்து, முன்வளைவும் கெடும். பின்பக்கம் கோட் பிட்டத்தை மூடுகிறதா என்பதே அளவு.

கை நீளம் மணிக்கட்டு எலும்பில் நிற்கட்டும். சட்டைக் கஃப் கால் முதல் அரை அங்குலம் வெளியே தெரியலாம். கோட் கை நுனியில் உள்ள பட்டன்களுக்கு நிஜக் காஜா வெட்டியிருந்தால் கீழே சுருக்க முடியாது, தோள் பக்கம் கழற்றித்தான் குறைக்க வேண்டும். இறக்குவதாக இருந்தால் உள்ளே துணி இருக்கிறதா பாருங்கள். பழைய மடிப்புக் கோடு சில துணிகளில் நிரந்தரமாக நின்றுவிடும்.

பேன்ட்டில் இடுப்பை 2 அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் நெருங்கிவரும். பாட்டம் அகலத்தைக் குறைக்கும்போது உள்தையல், வெளித்தையல் இரண்டிலும் சமமாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் எடுத்தால் நடுமடிப்பு கோணலாகும். இடுப்புக்குக் கீழே முன்பக்கம் உள்ள ப்ளீட் மடிப்புகளை எடுக்கச் சொல்லாதீர்கள். அவை மறுபடி வந்துவிட்டன.

எல்லா மாற்றத்தையும் முதலில் எளிதில் பிரிக்கிற ஓட்டுத் தையலில் போடச் சொல்லி, மாட்டிப் பார்த்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து பாருங்கள். இறுதித் தையலுக்குப் பிறகும் பக்கத் தையலிலும் இடுப்பிலும் மிஞ்சிய துணியை வெட்டாமல் உள்ளேயே விடச் சொல்லுங்கள். உடம்பு கொஞ்சம் ஏறினால் அதைத்தான் பிரித்துவிட வேண்டியிருக்கும்.