மதுரைக்கு வர்றீங்களா? ஒரே பிஎன்ஆர்ல (ஒரே புக்கிங் நம்பர்ல) டிக்கெட் போடுங்க

லண்டன்ல இருந்து மதுரைக்கு நேர் ஃப்ளைட் கிடையாது, கொழும்போ துபாயோ சென்னையோ எங்கயாச்சும் மாறித்தான் வரணும். காசு மிச்சமாகும்னு நெறய பேரு சென்னை வரைக்கும் ஒரு டிக்கெட், அங்க இருந்து மதுரைக்குத் தனி டிக்கெட்னு போடுறாங்க, நானும் அப்டித்தான் பொங்கலுக்கு வந்தேன், சென்னைல எறங்குனா மதுரை ஃப்ளைட் கேன்சல், எனக்கு மெசேஜே வரல, ஏன்னா புக் பண்ண ஏஜென்ட் என் நம்பருக்குப் பதிலா அவரு நம்பரக் குடுத்திருக்காரு. புள்ளைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கிட்டு கிளாம்பாக்கம் போயி ராத்திரி பஸ் புடிச்சு மாட்டுத்தாவணி வந்து சேர்ந்தோம்.

இந்த நம்பர் விஷயம் பெரிய விஷயங்க. நம்ம நாட்டு விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ விதிப்படி ஃப்ளைட் கேன்சல் ஆனா வேற ஃப்ளைட்டா, முழு ரீஃபண்டா, எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். முன்கூட்டியே சொல்லாம விட்டா அதுக்கு மேல நஷ்டஈடும் உண்டு, சென்னை–மதுரை மாதிரி ஒரு மணி நேரத்துக்கு மேல, ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருக்குற ஃப்ளைட்டுக்கு 7,500 ரூபா, இல்லன்னா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதுல எது கம்மியோ அது. ஆனா புக்கிங்ல உங்க நம்பர் சரியா இல்லன்னா அந்த நஷ்டஈடு கெடைக்காது! புயல், வெள்ளம்னாலும் கெடைக்காது, ரீஃபண்ட் மட்டும் எப்பவும் உண்டு.

கவுண்டர்ல "கிரெடிட்டா வச்சுக்கோங்க, அடுத்த தடவ யூஸ் பண்ணலாம்"னு சொல்லுவாங்க. அடுத்த தடவ நாம ஊருக்கு வர ரெண்டு வருசம் ஆகும், அதனால பணமாவே கேளுங்க, கிரெடிட்டா வாங்குறது உங்க விருப்பம்தான், கட்டாயம் கிடையாது. கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா 7 நாள்ல வரணும். ஏஜென்ட் வழியா போட்டாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு ஏர்லைன்ஸ்தான், இழுத்தடிச்சா ஏர்சேவால (விமானப் பயணிகள் புகாருக்கான அரசுத் தளம்) புகார் போடுங்க.

லண்டன்ல இருந்து மதுரை வரைக்கும் ஒரே புக்கிங்னா கதையே வேற. பிரிட்டன்ல இருந்து கெளம்புற எந்த ஏர்லைன்ஸுக்கும் அங்கத்த சட்டம் பொருந்தும், 14 நாளுக்குள்ள அவங்க தப்பால கேன்சல் பண்ணா 520 பவுண்ட் வரைக்கும் கேக்கலாம், ஐரோப்பால இருந்துன்னா 600 யூரோ. திரும்பிப் போறப்ப பிரிட்டிஷ், ஐரோப்பிய ஏர்லைன்ஸா இருந்தாத்தான் அது செல்லும். தனித்தனி டிக்கெட்ல மொத ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவத விட்டா உங்களத்தான் நோ-ஷோ, அதாவது ஆள் வரலன்னு போடுவாங்க.

வெளிநாட்டு சிம் ஊர்ல வேல செய்யாதுன்னா, புக்கிங்ல ஊர்ல இருக்குற தம்பி நம்பரையும் சேத்துருங்க.