கோலாலம்பூரில் இதய, மார்பு மயக்கவியல் மாநாடு: முதன்முறை செல்லும் மருத்துவருக்கு

இதய, மார்பு அறுவைக்கான மயக்கவியல் குறித்த பன்னாட்டு மாநாட்டுக்கு முதன்முறையாகப் பெயர் பதிந்த இளம் மருத்துவர்கள் பலரும், நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் புகழ்பெற்றவர்கள் பேசும் அமர்வுகளுக்கெல்லாம் வட்டமிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று நாள்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பிக்கொண்டு வீடு திரும்பினேன். அந்த நோட்டு இன்றும் அலமாரியில் கிடக்கிறது, அதிலிருந்து ஒரு வரிகூட என் அறுவை அரங்குக்குள் நுழையவில்லை. ஆகவே நிரலைத் திறப்பதற்கு முன்பே, கடந்த ஓராண்டில் உங்களைத் தடுமாற வைத்த ஒரே ஒரு சிக்கலைக் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 155 சென்டிமீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நுரையீரலுக்கு மட்டும் சுவாசம் கொடுத்து அறுவை நடத்த வேண்டியிருந்தால், இரு நுரையீரல்களுக்கும் தனித்தனித் துளை கொண்ட இரட்டைக் குழலில் 35 அளவைப் போடுவதா, 32 அளவைப் போடுவதா? நம் ஊர் நோயாளிகளைப் பார்ப்பவருக்கு இது அன்றாடக் கேள்வி. ஆனால் பாடநூல்களின் கணக்குகள் பெரும்பாலும் நெடிய உடலமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்தக் கேள்வியோடு நிரலைப் பார்த்தால் எந்த அரங்கில் உட்கார வேண்டும் என்பது தானே தெளிவாகும். பொதுவாக இம்மாநாடுகளில் பெரிய மேடை இதயத்துக்கும் ஓரத்து அறை மார்புக்கும் போய்ச் சேர்கிறது என்பது என் மனக்குறை. அந்த ஓரத்து அறையிலேயே உங்களுக்கான பதில் இருக்கக்கூடும்.

ஆய்வுச்சுருக்கம் அனுப்ப விரும்பினால், கெடு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் செய்யும் ஆய்வைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற வேண்டும். எழுத உட்காரும் நேரத்தைவிட இதற்குக் காத்திருக்கும் நேரமே அதிகம். பெரிய ஆய்வாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் மருத்துவமனையின் மயக்கப் பதிவேடுகளை வைத்து, எந்த உயரத்துக்கு எந்த அளவுக் குழல் போடப்பட்டது, மூச்சுப்பாதைக்குள் பார்க்க உதவும் மெல்லிய நோக்குக் கருவியான பிராங்கோஸ்கோப் வழியே பார்த்தபோது எத்தனை பேருக்கு அது இடம் பிசகியிருந்தது, எத்தனை பேருக்கு மாற்றிப் போட நேர்ந்தது என்று எண்ணிச் சொன்னாலே போதும். “முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்” என்று எழுதி அனுப்பப்படும் சுருக்கம் தேர்வுக்குழுவின் பொறுமையைத்தான் சோதிக்கும்.

போஸ்டரில் எக்கோ (ஒலியலை கொண்டு எடுக்கும் இதயப்) படமோ எக்ஸ்ரே படமோ இடம்பெற்றால், அதன் மூலைகளை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள். பெயரைக் கறுப்புப் பட்டையால் மறைத்துவிட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள அடையாள அட்டை எண்ணை விட்டுவிடுவது நம்மிடையே அடிக்கடி நேரும் பிழை. மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி என்பதால், அந்த எண் இருக்கும்வரை நோயாளி மறைக்கப்பட்டவர் ஆகமாட்டார்.

பணம் குறைவாக இருந்தால் விருந்துக்கான கட்டணத்தை விட்டுவிட்டுப் பயிலரங்குக்குக் கட்டுங்கள். அதன் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். அங்கே கற்றுத்தரும் உணவுக்குழாய் வழி எக்கோவுக்கு 1999ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டல் 20 காட்சிகளை வகுத்தது. 2013இல் வந்த வழிகாட்டல் அவற்றை 28 ஆக்கியது. இருபத்தெட்டையும் ஒரே நாளில் மனத்தில் ஏற்ற முயல்பவர் ஒன்றையும் உருப்படியாகக் கற்பதில்லை. நான்கு அறைகளும் தெரியும் காட்சி, பெருந்தமனி வால்வின் நெடுக்குக் காட்சி, இரைப்பையிலிருந்து இடக்கீழறையைக் குறுக்காகக் காணும் காட்சி ஆகிய மூன்றையும் தானாகவே எடுக்கும்வரை சிமுலேட்டரை விட்டு நகராதீர்கள்.

இரட்டைக் குழல் மேசையில் இன்னும் நிதானம் தேவை. அங்கே பொம்மையின் மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப்பை விட்டதும் முதலில் முன்புறத்தையும் பின்புறத்தையும் பிரித்தறியுங்கள்: குருத்தெலும்பு வளையங்கள் வில்போல் வளைந்திருப்பது முன்புறம், நெடுக்காகக் கோடுகள் ஓடுவது பின்புறம். அடுத்து வலப்பக்கம் இறங்கி, நுரையீரல் மேல்மடலின் வாயைத் தேடுங்கள். உள்ளே மூன்று துளைகள் ஒருசேரத் தெரிந்தால் நீங்கள் இருப்பது வலப்பக்கம் என்பது உறுதி. வலப்பக்கத்தில் அந்த வாய், மூச்சுக்குழாய் பிரியும் கரைனாவிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டரிலேயே வந்துவிடுகிறது. இடப்பக்கத்தில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பெரும்பாலானோர் இடப்பக்கக் குழலையே விரும்புவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். இடப்பக்கக் குழல் சரியாக அமைந்திருந்தால், குழலின் இரு துளைகளில் மூச்சுக்குழாயில் திறப்பதன் வழியே பார்க்கும்போது, குழலின் முனையிலுள்ள நீல பலூனின் மேல்விளிம்பு கரைனாவுக்குச் சற்றுக் கீழே நிலாப்பிறைபோல் தெரியும். பலூன் கரைனாவின் மேல் பிதுங்கி நின்றால் குழல் போதிய ஆழம் இறங்கவில்லை, நீலமே கண்ணில் படாவிட்டால் ஆழம் மிகுந்துவிட்டது.

170 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குழல் முன்பற்களிலிருந்து ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும், உயரம் 10 சென்டிமீட்டர் மாறினால் ஆழம் 1 சென்டிமீட்டர் மாறும் என்ற கணக்கை அங்கே சொல்லித் தருவார்கள். குட்டையானவர்களிடம் இக்கணக்கு பிசகுவதுண்டு என்பதால், பயிற்றுநரிடம் உங்கள் கேள்வியை எடுத்து வைக்க ஏற்ற தருணம் இதுவே. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு எத்தனை முறை மீண்டும் பார்ப்பார் என்பதையும் கேட்டு வையுங்கள். திருப்பும்போதுதான் குழல் நழுவுகிறது.

நிறுவனங்களின் கூடாரங்களைப் பைகளுக்காகச் சுற்றுவதில் பயனில்லை. ஒரே ஒரு வேலைக்காக அங்கே போங்கள்: 32 அளவுக் குழலின் மாதிரியைக் கேட்டு வாங்கி, எந்தத் தடிமனுள்ள பிராங்கோஸ்கோப் அதற்குள் இறுக்கமின்றிப் போகிறது என்று உங்கள் கையாலேயே நுழைத்துப் பாருங்கள். உங்கள் மருத்துவமனையில் இருப்பது தடித்த பிராங்கோஸ்கோப் மட்டும் என்றால், சின்னக் குழல் வாங்கியும் இருட்டில் போட்ட கதைதான்.

அமர்வின் முடிவில் ஒலிவாங்கி கைக்கு வந்தால் பேச்சாளரைப் பாராட்டுவதில் நேரம் கழிக்காமல், நோயாளியின் உயரம், உங்களிடம் உள்ள கருவி, உங்கள் கேள்வி என மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி அமருங்கள். தயக்கமாக இருந்தால் தேநீர் இடைவேளையில் கேட்கலாம்; நான் பெற்ற நல்ல பதில்களில் பல, கறிபாஃப் தட்டோடு நின்றுகொண்டிருந்தவர்களிடம் பெற்றவை.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சில செய்திகள். வருகைக்கான மின்னட்டையை மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பிவிடுங்கள். விமான நிலைய விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல் வந்துவிடும். பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸ் இருப்பதால் தோசைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். மாநாடு கேஎல்சிசி வளாகத்தில் என்றால் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி ரயிலில் நேராகப் போகலாம். செவ்வக முனைகள் மூன்று கொண்ட பிளக்கே இங்கே பொருந்தும். அரங்குகளின் குளிர் அறுவை அரங்கைத் தோற்கடிக்கும், எனவே கோட்டு அவசியம். வெள்ளிக்கிழமை தொழுகையை ஒட்டி மதிய இடைவேளை நீளும் என்பதால் சந்திப்புகளை அந்நேரத்தில் வைத்துக்கொள்வது வசதி.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் துறைக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, மாநாடு முழுவதையும் ஒப்பிக்காமல், அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை மட்டும் பிராங்கோஸ்கோப் படங்களோடு காட்டுங்கள். 32 அளவுக் குழலுக்கும் அதற்கேற்ற மெல்லிய பிராங்கோஸ்கோப்புக்கும் கொள்முதல் விண்ணப்பத்தை அன்றே கொடுத்துவிடலாம். பொருள் வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் அன்று இரவுப்பணியால் கூட்டத்துக்கு வரமுடியாதவர்களுக்கும் அதே படங்களைக் காட்டி முடித்திருங்கள்.