பழைய ஸ்ப்ரே கன்னின் விசை சரியானது

வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்க கிண்ணியாவில் பழைய ஸ்ப்ரே கன் ஒன்று வாங்கினேன். விசையை இழுத்தால் நடுவில் சிக்கும்; விட்டாலும் நுனியில் பெயின்ட் சொட்டும்.

முதலில் காற்றுக் குழாயைக் கழற்றி, விசையை இழுத்து மிச்சக் காற்றையும் வெளியேற்றினேன். இதை ஒருபோதும் தவறவிடாதீர்கள். பின்திருகைக் கழற்றி ஸ்பிரிங்கையும் ஊசியையும் உருவினேன். ஊசி முனையில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளையமாய் ஒரு தேய்வு. ஊசி போய் அடைக்கும், பெயின்ட் வெளிவரும் நொசிலின் வாயும் அப்படித்தான். புது ஊசி தேய்ந்த நொசிலில் ஒழுங்காக உட்காராது, ஆகவே 1.4 மில்லிமீட்டர் துளை அளவில் ஊசியையும் நொசிலையும் சோடியாகவே மாற்றினேன். சொட்டு நின்றது.

விசை சிக்கியதற்குக் காரணம் வேறு. ஊசியைச் சுற்றிப் பெயின்ட் கசியாமல் அடைக்கும் பேக்கிங் நட்டை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். தளர்த்தி, கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் கொஞ்சமே திருப்பினேன். விசை ஆணியில் திருகோணமலை உப்புக்காற்றின் துரு. தேய்த்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய். சிலிக்கோன் கலந்த எண்ணெய் வேண்டாம், பெயின்டில் மீன்கண் மாதிரிக் குழி விழும்.

இப்போது பாதி இழுத்தால் காற்று மட்டும், மேலும் இழுத்தால்தான் பெயின்ட். அண்ணாவின் வள்ளத்தில் நீலப் பட்டை ஒரே சீராக விழுந்தது.